டாக்டரிடம் கேளுங்கள்: சி.எஃப். குழந்தையின் ரிப்போர்ட்டில் 'எம்.ஆர்.எஸ்.ஏ.' என்று வந்தால்

போன இதழில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றி அரைப் பக்கம்தான் எழுதினேன். சி.எஃப். என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் பிறவி நோய் அது. உடம்பிலிருந்து வரும் சளி தண்ணீராக இல்லாமல் பசைபோல் கெட்டியாகிவிடும். நுரையீரல் அடைக்கும், கணையம் அடைக்கும், வியர்வையில் உப்பு அதிகமாக வெளியேறும். குழந்தையை முத்தமிட்ட அம்மாக்கள் "உதடெல்லாம் உப்புக் கரிக்குது டாக்டர்" என்று சொல்லித்தான் எத்தனையோ பேருக்கு நோய் தெரிய வந்திருக்கிறது. அந்த அரைப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற ஒரே கிருமியைப் பற்றிக் கேட்கின்றன. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கே பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கிறேன்.

தஞ்சாவூர் வாசகி ஒருவர்: டாக்டரம்மா, என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதில் வியர்வைப் பரிசோதனை செய்து சி.எஃப். என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புகிறோம். இதுவரை வெறும் ஸ்டாஃப் என்றுதான் வரும். இந்த முறை எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்திருக்கிறது. பையன் நன்றாகத்தான் இருக்கிறான், ஓடுகிறான், சாப்பிடுகிறான். உள்ளூர் டாக்டர் "இருமல் இல்லையே, விட்டுவிடலாம்" என்கிறார். என் நாத்தனார் நர்ஸ். அவர் "இது ஆஸ்பத்திரிக் கிருமி, எந்த மருந்துக்கும் கேட்காது" என்கிறார். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. நான் என்ன செய்ய?

பதில்: முதலில் உங்கள் நாத்தனார் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். "எந்த மருந்துக்கும் கேட்காது" என்பது தவறு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக ஸ்டாஃப், என்பது மிகச் சாதாரணமான கிருமி, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் மூக்கில் அது எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. அது தன் உடலைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டுதான் உயிர் வாழும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்திவிடும், சுவர் இல்லாமல் கிருமி சாகும். அந்த ஸ்டாஃபிலேயே ஒரு ரகமான எம்.ஆர்.எஸ்.ஏ. செய்வது என்னவென்றால், மெக்-ஏ என்ற ஒரு மரபணுவை வைத்துக்கொண்டு இன்னொரு கொத்தனாரை வேலைக்கு வைத்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது ஆளின் கையை இந்த மருந்துகளால் பிடிக்க முடியாது. மெத்திசிலின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்து ஓரிரு வருடத்திலேயே, 1961ல், இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற சொல், கிருமி எந்த மருந்துகளுக்கு அடங்காது என்பதைச் சொல்கிறது. உங்கள் பையன் எவ்வளவு சீக்காக இருக்கிறான் என்பதை அது சொல்லவில்லை. அமாக்சிசிலின், செஃபலெக்சின், க்ளாக்சசிலின் போன்றவை வேலை செய்யாது, சரி. ஆனால் கோ-ட்ரைமாக்சசோல், ரிஃபாம்பிசின், லினசோலிட், வான்கோமைசின் என்று வேறு வரிசை இருக்கிறது. உங்கள் கையில் உள்ள ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், செஃபாக்சிடின் என்ற மருந்துக்கு நேரே 'ஆர்' (கிருமி அடங்காது) என்று இருக்கும், அதை வைத்துத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று முடிவு செய்கிறார்கள். அதற்குக் கீழே 'எஸ்' (கிருமி அடங்கும்) என்று போட்ட மருந்துகளின் பட்டியலும் இருக்கும். பையனுக்கு எது உதவும் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் வழிகாட்டி, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

இனி உள்ளூர் டாக்டர் சொன்னது. சி.எஃப். இல்லாத ஒரு குழந்தையாக இருந்தால் அவர் சொன்னது முற்றிலும் சரி, மூக்கில் தொண்டையில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்து இருமல் காய்ச்சல் இல்லையென்றால் நாமும் விட்டுவிடுவோம். சி.எஃப். குழந்தையின் கதை வேறு. நம் மூச்சுக்குழாய் முழுவதும் மெல்லிய முடி போன்ற இழைகள் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே போன கிருமி அந்தச் சளியோடு வெளியே வந்துவிடும். சி.எஃப். குழந்தைக்குச் சளி கெட்டி, இழைகளால் தள்ள முடியாது, வந்த கிருமி தங்கிவிடும். இப்போது இருமல் இல்லை என்பது உண்மையாகவே நல்ல செய்தி. ஆனால் மாதக்கணக்கில் தங்கிய எம்.ஆர்.எஸ்.ஏ. நுரையீரலை மெதுவாக அரிக்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 8 முதல் 21 வயது வரையிலானவர்களைப் பார்த்து 2008ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. எஃப்.இ.வி.1 என்பது ஊதிப் பார்க்கும் சோதனையில் முதல் ஒரு விநாடியில் வெளியே வரும் காற்றின் அளவு. எம்.ஆர்.எஸ்.ஏ. திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு அது வருடத்துக்கு 2.06 சதவீதம் குறைந்தது, இல்லாதவர்களுக்கு 1.44 சதவீதம். ஒரு வருடத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாத வித்தியாசம். பத்து வருடம் சேர்ந்தால் தெரியும். அதனால்தான் "விட்டுவிடலாம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் இணையத்தில் தேடியிருந்தால் "சாவு அதிகம்" என்ற வரியும் கண்ணில் பட்டிருக்கும். 2010ல் வந்த ஆய்வு அது, அமெரிக்காவில் ஏறக்குறைய இருபதாயிரம் சி.எஃப். நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்தது, எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 1.3 மடங்கு என்றது. அதைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். 1996 முதல் 2006 வரையிலான தகவல் அது, நோயின் அடிப்படையைச் சரிசெய்யும் இன்றைய மாத்திரைகள் வராத காலம். அப்புறம், அதில் இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும் இருந்தார்கள், ஏற்கனவே நுரையீரல் கெட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. ஏழு வயதில், நன்றாக ஓடும் பையனுக்கு, முதல் முறையாக வந்ததற்கு அந்த எண்ணை அப்படியே தூக்கி வைத்துப் பயப்படாதீர்கள்.

சரி, என்ன செய்வது? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "இந்த முறை" என்ற சொல். முதல் தடவை. இந்தக் கிருமியை விரட்டுவதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம் அது வந்த புதிதில்தான். 2017ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வின் முடிவு வெளியானது, மொத்தம் 45 பேர், எல்லோருக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. புதிதாக வந்திருந்தது. ஒரு பாதிக்கு இரண்டு வாரம் இரண்டு ஆன்டிபயாட்டிக் வாய்வழியாக, குளோர்ஹெக்சிடின் போட்டு வாய் கொப்பளிப்பு, கூடவே ஐந்து நாள் மூக்குக்குள் மூபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் துணியால் உடம்பைத் துடைப்பதும், மூன்று வாரம் வீட்டில் அடிக்கடி தொடும் இடங்களைச் சுத்தம் செய்வதும். மறு பாதியைச் சும்மா கவனித்தார்கள். 28ஆம் நாள் கல்ச்சர் எடுத்தபோது மருந்து சாப்பிட்டவர்களில் 82 சதவீதத்தினருக்குக் கிருமி இல்லை, சும்மா இருந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு இல்லை. அதாவது நாலில் ஒருவருக்குத் தானாகவே போயிற்று, அதையும் மறைக்கக் கூடாது. பிறகு சிலருக்குத் திரும்பவும் வந்தது, அதுவும் உண்மை. ஆனாலும் 82க்கும் 26க்கும் உள்ள இடைவெளி பெரியது.

ஆகவே அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். பையனின் சி.எஃப். மருத்துவரை இந்த வாரமே பாருங்கள், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய இடத்தில் காட்டுகிறவராக இருந்தால் போன் செய்து ரிப்போர்ட்டை அனுப்பிவிடுங்கள். "இது முதல் பாசிட்டிவ், இதை விரட்டப் பார்க்கப் போகிறோமா, கல்ச்சரை மறுபடி எப்போது எடுப்போம்" என்று நேராகக் கேளுங்கள். சில மருத்துவர்கள் ஒருமுறை திரும்ப எடுத்து உறுதிசெய்த பிறகு ஆரம்பிப்பார்கள், சிலர் உடனே ஆரம்பிப்பார்கள், இரண்டும் நியாயம். திட்டமே இல்லாமல் இருப்பதுதான் நியாயமில்லை.

இன்னொன்று, பஞ்சுக்குச்சி எடுக்கும் விதம். ஏழு வயதுப் பையன் வாயைத் திறந்ததும் நாக்கில் ஒரு தடவு தடவி எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் உமிழ்நீர்தான் வரும். நான் பையன்களை நன்றாக இரண்டு முறை இருமச் சொல்லி, மூன்றாவது இருமல் வரும் நேரத்தில் குச்சியைத் தொண்டையின் பின்சுவரில் வைப்பேன், கண்ணில் தண்ணீர் வந்துவிடும், பாவமாகத்தான் இருக்கும், ஆனால் கீழே இருந்து கிளம்பி வரும் சளி அப்போதுதான் குச்சியில் ஒட்டும். சளி துப்பத் தெரிந்த குழந்தையென்றால் சளியே கொடுப்பது இன்னும் நல்லது. குழாயின் மேல் "சி.எஃப்." என்று எழுதச் சொல்லுங்கள். ஸ்டாஃபில் மிகச் சிறிய புள்ளிகளாக, மெதுவாக வளரும் ஒரு ரகம் இந்த நோயில் வரும், லேபுக்குத் தெரிந்தால் கூடுதலாகக் காத்திருந்து பார்ப்பார்கள்.

கோவை வாசகர் ஒருவர்: என் மகளுக்கு வயது ஐந்து. எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு என்று இரண்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்காரர் "இதில் ஒன்று டி.பி. மருந்து" என்கிறார். சி.எஃப். என்று தெரிவதற்கு முன்னால் டி.பி. என்று சொல்லி ஆறு மாதம் இதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். மறுபடியும் தப்பு நடக்கிறதா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் மாறாத இருமல், எடை கூடாமை, நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் என்று வந்தால் முதலில் டி.பி. ஞாபகம்தான் வரும், சி.எஃப். குழந்தைகள் பலர் அந்த வழியாகத்தான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். ஆனால் இந்த முறை தப்பு நடக்கவில்லை. ரிஃபாம்பிசின் டி.பி. கிருமியையும் கொல்லும், ஸ்டாஃப் கிருமியையும் கொல்லும். இதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சில நாளிலேயே இதற்கும் பழகிவிடும், அதனால்தான் கூட இன்னொரு மருந்து. இரண்டில் ஒன்று தீர்ந்துபோய்விட்டால் "நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று ரிஃபாம்பிசினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், கண்ணீர்கூட நிறம் மாறும், வெள்ளைச் சட்டையில் பட்டால் கறை. அது ரத்தமில்லை. ஆனால் கண் மஞ்சளானால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி எடுத்தால் உடனே சொல்லுங்கள், ஈரலைப் பார்க்க வேண்டும். இன்னொரு மருந்து கோ-ட்ரைமாக்சசோல் என்றால், உடம்பில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தால் அடுத்த வேளை கொடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சல்ஃபா அலர்ஜியோ, ஜி-சிக்ஸ்-பி-டி குறைபாடோ (சில மருந்துகளால் ரத்த அணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு) குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறவினர் யாராவது மினோசைக்ளின், டாக்சிசைக்ளின் நல்லது என்று சொன்னால் ஐந்து வயதுக்கு அது வேண்டாம், எட்டு வயதுக்குக் கீழே பல்லில் கறை விழும் என்று தவிர்க்கிறோம்.

மதுரையிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்கு இந்த நோய். அவன் தங்கை கைக்குழந்தை, அவளுக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டார்கள். மருமகள் பேரனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை என்று வைத்துவிட்டாள். குழந்தை தங்கையைத் தூக்கவே விடுவதில்லை. அவன் வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறான். இது தேவைதானா?

பதில்: தேவையில்லை அம்மா. மருமகளை நீங்கள் கடிந்துகொள்ளவும் வேண்டாம், பயத்தில் செய்கிறார், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். சி.எஃப். இல்லாத தங்கையின் நுரையீரல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அவள் மூக்கில் இந்தக் கிருமி போய் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அவன் தங்கையைத் தூக்கட்டும், மடியில் வைத்துக்கொள்ளட்டும், தூக்குவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கட்டும். தட்டு, டம்ளர் வழக்கம்போல் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். தனியாக இருக்க வேண்டியது துண்டு, பல் துலக்கும் பிரஷ், பெரியவர்களின் ஷேவிங் ரேசர், இவ்வளவுதான். இந்தக் கிருமி தோலில் பட்டு, துணியில் பட்டு, கையால்தான் அதிகம் பரவுகிறது.

நான் எதிர்த்திசையிலும் ஒன்று கேட்பேன்: வீட்டில் யாருக்காவது சீழ்க்கட்டி அடிக்கடி வருகிறதா? அக்குளில், தொடையில், பிட்டத்தில்? மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் இப்படிக் கட்டி வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒருவர் இருந்தால் கட்டியை மூடிக் கட்டி, மருத்துவரைப் பார்த்துக் குணப்படுத்திக்கொள்ள வேண்டும், பேரனுக்குத் திரும்பத் திரும்ப பாசிட்டிவ் வருவதற்கு அவர் காரணமாக இருக்கலாம். ஆனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

சேலம் வாசகி ஒருவர்: நெபுலைசரை ஒவ்வொரு தடவையும் குழாய்த் தண்ணீரில் கழுவித்தான் வைக்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. இதைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை, நாங்களும் ஓ.பி. நெரிசலில் சொல்வதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா பையிலிருந்து நெபுலைசர் கப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். சுத்தமாக இருக்கட்டும் என்று ஈரத்தோடு ஒரு பூத்துவாலையில் சுற்றி, அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தார். துவாலையை விரித்ததும் ஒரு புளித்த வாடை. மூடியின் உள்விளிம்பைச் சுண்டுவிரலால் தொட்டேன், வழவழவென்றிருந்தது. அந்த அம்மா ஒருநாள்கூட நெபுலைசேஷனைத் தவறவிட்டதில்லை. அவ்வளவு அக்கறை, அந்த ஈரம் ஒன்றுதான் பிழை. ஈரமும் சூடும் மூடிய பையும் இருந்தால் கிருமி அங்கேயே பெருகும், ஸ்டாஃபைவிட சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமிக்கு ஈரம் என்றால் இன்னும் கொண்டாட்டம். அதை நேரே நெஞ்சுக்குள் புகையாக அனுப்புகிறோம்.

செய்ய வேண்டியது இது. மருந்து முடிந்ததும், காய்வதற்குள், கப், மூடி, வாய்க்குழல் எல்லாவற்றையும் பிரித்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கழுவுவது அழுக்கைத்தான் எடுக்கும், கிருமியைக் கொல்லாது. அதனால் அடுத்து அவற்றை ஒரு தனிப் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பால்புட்டிகளுக்கான மின்சார ஸ்டெரிலைசர் வீட்டில் இருந்தால் அதுவும் நல்லது. கொதிக்க வைக்கக் கூடாத பிளாஸ்டிக்கும் உண்டு, கம்பெனி கொடுத்த தாளைப் பார்த்துவிடுங்கள். அந்த மாதிரி பாகங்களை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் ஊறவைக்கலாம், ஆனால் அதன் பிறகு அலசுவதற்குக் கொதித்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது, பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். பிறகு சுத்தமான காய்ந்த துணி மேல் பரப்பி, காற்றில் நன்றாக உலரவிடுங்கள். காய்ந்த பிறகுதான் டப்பா. வினிகரில் ஊறவைத்தால் போதும் என்று பழைய ஆலோசனை ஒன்று சுற்றுகிறது, அதை நம்ப வேண்டாம், ஸ்டாஃப் அதற்குச் சாகாது. காற்று வரும் நீளக் குழாயை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், உள்ளே ஈரம் நின்றால் காயவே காயாது.

ஒரு நாளைக்கு நாலு தடவை நெபுலைசர் போடும் வீட்டில் நாலு தடவையும் கொதிக்க வைப்பது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். முடிந்தால் இரண்டு மூன்று கப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, அன்றைக்குப் பயன்படுத்திய எல்லாவற்றையும் இரவில் ஒன்றாகக் கொதிக்க வைக்கலாம்.

சென்னை வாசகர் ஒருவர்: சி.எஃப். குழந்தைகளின் பெற்றோர் பத்துக் குடும்பம் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கிறோம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீச்சில் கூடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கும் "நம்மைப் போல் இன்னொருவர்" என்று தெரிந்தால் நன்றாக இருக்குமே?

பதில்: இந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று எழுதுவது எனக்கு உண்மையாகவே கஷ்டமாக இருக்கிறது. இந்த நோயின் கொடுமைகளில் இதுவும் ஒன்று, ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய குழந்தைகளே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரக் கூடாது. சி.எஃப். இல்லாத ஆயிரம் பேரைவிட இன்னொரு சி.எஃப். குழந்தையின் சளி உங்கள் குழந்தைக்கு ஆபத்து, ஏனென்றால் அதே மாதிரி நுரையீரலில் வாழப் பழகிய கிருமி அதில் இருக்கும். வெளிநாடுகளில் ஒரு காலத்தில் சி.எஃப். குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார்கள், பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பார்களாம். அங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பர்க்ஹோல்டேரியா என்ற பொல்லாத கிருமி பரவியது தெரிந்து 1990களில் அவற்றை மூடினார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ.வும் அப்படிப் பரவக்கூடியதுதான். அமெரிக்க சி.எஃப். அறக்கட்டளை முன்பு மூன்றடி இடைவெளி என்று சொல்லிக்கொண்டிருந்தது, 2013 வழிகாட்டியில் அதை ஆறடியாக்கியது, மூடிய இடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு சி.எஃப். உள்ள ஒருவர் மட்டுமே வரலாம் என்றும் வைத்தது. கடற்கரை திறந்தவெளிதான், ஆனால் பத்துப் பிள்ளைகளை மணலில் விட்டு ஆறடி ஆறடி என்று யாரால் பிடித்து வைக்க முடியும்?

பெற்றோர் மட்டும் கூடுங்கள், அது அவசியம். பிள்ளைகள் வீடியோவில் பேசட்டும். என்னிடம் வரும் இரண்டு பையன்கள் தினமும் மாலையில் வீடியோவைப் போட்டுவைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சியை ஒரே நேரத்தில் செய்கிறார்கள், யார் அதிக நேரம் ஊதுகிறார் என்று போட்டி. இரண்டு பேருடைய அம்மாக்களுக்கும் "பிசியோ பண்ணுடா" என்று கத்த வேண்டிய வேலை இல்லை.

இதே காரணத்துக்காக ஆஸ்பத்திரியிலும் கவனம் வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் குழந்தைக்கு மாஸ்க் போடுங்கள், விளையாட்டுச் சாமான் மூலையில் விடாதீர்கள், முதல் டோக்கன் கேட்டு வாங்குங்கள், நேராக அறைக்குப் போய்விட முடியுமா என்று கேளுங்கள். ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. என்னிடம் ஒரு அப்பா அப்படிக் கேட்டிருக்கிறார், அவர் கேட்டது சரிதான், நான் துடைக்க மறந்திருந்தேன்.

டொரன்டோவிலிருந்து ஒரு வாசகர்: வணக்கம் டொக்டர். மகனுக்கு 13 வயது. மூன்று வருடமாக எம்.ஆர்.எஸ்.ஏ. போகவே இல்லை. இரண்டு தரம் மருந்து எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. இப்போது ட்ரைகாஃப்டா (சி.எஃப். நோயின் அடிப்படையைச் சரிசெய்யும் மாத்திரை) எடுக்கிறான், நல்லாயிருக்கிறான். இன்னும் பலமான மருந்து கேட்டு வாங்கட்டுமா?

பதில்: மகன் நன்றாக இருக்கிறான், ஊதும் சோதனையில் எண் இறங்கவில்லை என்றால், கிருமியை அழித்தே தீருவேன் என்று மருந்துக்கு மேல் மருந்து கேட்க வேண்டாம். பழகித் தங்கிவிட்ட எம்.ஆர்.எஸ்.ஏ.வை விரட்டுவது புதிதாக வந்ததை விரட்டுவது போல் இல்லை. வான்கோமைசினை மூச்சோடு இழுக்கவைத்து, கூடவே மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. இப்போது செய்ய வேண்டியது வேறு: தினமும் நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பயிற்சி, சாப்பாடு, எடை, மூன்று மாதத்துக்கொரு கல்ச்சர். இருமல் கூடினால், சளியின் நிறம் மாறினால், பசி குறைந்தால், படி ஏற மூச்சு வாங்கினால் அப்போது எம்.ஆர்.எஸ்.ஏ.வையும் சேர்த்துப் பிடிக்கும் மருந்தாகக் கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. யாராவது ரிஃபாம்பிசின் எழுதினால் "மகன் ட்ரைகாஃப்டா எடுக்கிறான்" என்று உரக்கச் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் ஈரலை வேகமாக வேலை செய்யவைத்து அந்த மருந்தை உடம்பிலிருந்து கரைத்துவிடும், இரண்டும் சேரக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இங்கே பார்க்கும் மருத்துவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் அந்த மாத்திரை இங்கே மிகச் சிலருக்குத்தான் கிடைக்கிறது. ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகி: நொச்சி, மஞ்சள் போட்டு ஆவி பிடித்தால் இந்தக் கிருமி சாகுமா?

பதில்: சாகாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். சளி இளக வேண்டுமென்றால் ஹைப்பர்டானிக் சலைன் என்ற உப்புநீர் நெபுலைசேஷன் இருக்கிறது, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து, ஆறாம் வகுப்பு மாணவி (அம்மா தட்டச்சு செய்தது): டாக்டர் ஆன்ட்டி, எனக்கு சி.எஃப். இருக்கு. எம்.ஆர்.எஸ்.ஏ.வும் வந்திருக்கு. அம்மா மிஸ்கிட்ட சொன்னதுக்கு அப்புறம் மிஸ் என்னைக் கடைசி பெஞ்ச்ல தனியா உக்கார வச்சுட்டாங்க. என்னால மத்தவங்களுக்கு வந்துடுமா? நான் ஸ்கூலுக்குப் போகலாமா வேணாமா?

பதில்: போகலாம் கண்ணு, தினமும் போகலாம். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வேண்டிய அவசியம் கிடையாது, உன் பழைய இடத்திலேயே உட்காரலாம். உன் கிளாஸில் இருக்கும் நாற்பது பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் மூக்கில் ஏதோ ஒரு ஸ்டாஃப் இப்போதே இருக்கும், அவர்களுக்கே தெரியாது. உன் இருமல் கேட்டு அவர்கள் பயப்பட ஒன்றுமில்லை, அவர்களுடைய நெஞ்சுக்கு அதை வெளியே தள்ளத் தெரியும். நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: இருமும்போது டிஷ்யூ அல்லது முழங்கை மடிப்பு, டிஷ்யூவைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவு, காயம் பட்டால் பிளாஸ்திரி போடு, கர்சீப்பையும் தண்ணீர் பாட்டிலையும் யாருக்கும் கொடுக்காதே. உன் பள்ளியில் இன்னொரு பிள்ளைக்கும் சி.எஃப். இருந்தால் மட்டும் நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு வகுப்பில் இருக்க வேண்டும், அதை அம்மா ஹெச்.எம்.மிடம் பேசட்டும்.

மிஸ்ஸுக்கு: உங்கள் அக்கறை மற்ற பிள்ளைகளுக்காக என்று தெரியும். இந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடவில்லை. வகுப்பில் சளி காய்ச்சலோடு வரும் பிள்ளைகளிடமிருந்துதான் இவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைக்க வேண்டும், ஃப்ளூ வந்தால் அதிகம் பாதிக்கப்படுவது இவள்தான். வகுப்பு நடுவில் மாத்திரை போட வேண்டுமென்றாலும், தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும், இருமிச் சளியைத் துப்ப வெளியே போக வேண்டுமென்றாலும் கேட்டவுடன் விடுங்கள்.

அப்புறம் கண்ணு, உன் ஊர் வெயில் எனக்குத் தெரியும். பி.டி. பீரியடுக்கு முன்னால் உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் குடி, விளையாடி முடித்ததும் இன்னொன்று. உப்பு எவ்வளவு என்று உன் டாக்டர் சொல்வார், அம்மாவை இன்றைக்கே போன் பண்ணிக் கேட்கச் சொல்.